நாலு நாளில் ஆள் வரும்

பிரேக் ஆயிலில் ஊறிக்கொண்டிருந்த ரப்பர் கப்புகளை முதன்முதலில் பார்த்தபோது, யாரோ ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். திண்டுக்கல்லில் வத்தலக்குண்டு ரோட்டில் இருந்த எங்கள் பஸ் கம்பெனி ஷெட்டின் மேற்கு ஜன்னலில், மருந்துக்கடைக் கண்ணாடிப் பாட்டில்கள் ஆறு வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் கழுத்திலும் நூலில் கட்டிய ஒரு சீட்டு தொங்கும். எந்தக் கடைச் சாமான், என்றைக்கு உள்ளே போட்டது, போடும்போது குறுக்களவு எவ்வளவு என்று பென்சிலில் எழுதியிருக்கும். மத்தியான வெயில் அந்த ஜன்னலில் விழுந்தால் பாட்டில்கள் கையால் தொட முடியாதபடி கொதிக்கும். அதற்காகவே அந்த ஜன்னலைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார் எங்கள் போர்மன். "கொடைக்கானல் மலை எறங்கையில சக்கரத்துக்குள்ள இதவிடச் சூடு இருக்கும் தம்பி. இங்க பொறுக்காதது அங்கிட்டு எப்பிடிப் பொறுக்கும்?" என்பார்.

நான் அப்போது ஸ்டோர் கிளார்க். ஐம்பதுகளின் பின்பாதி. பத்தாவது முடித்து, டைப் அடிக்கக் கற்றுக்கொண்டு, மாமா ஒருவர் சிபாரிசில் உள்ளே நுழைந்தவன். போர்மனுக்கு வயது நாற்பத்தைந்து இருக்கும். ஒல்லியான, உயரமான மனிதர். கிறிஸ்தவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலில் பூசை கண்டுவிட்டு, வெள்ளை வேட்டியோடு நேரே ஷெட்டுக்கு வந்து பாட்டில்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குச் சாப்பிடப் போவார். அதிகம் பேசமாட்டார். பேசினாலும் வசவு வராது. பஸ் ஷெட்டில் வசவு இல்லாமல் ஒருவர் வேலை வாங்கினார் என்று சொன்னால் இன்றைக்கும் யாரும் நம்பமாட்டார்கள்.

சாமான் வாங்குவதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. வண்டி செய்த கம்பெனியே தரும் உதிரிபாகம் என்றால் அவருக்குக் கவலை இல்லை. வேறொருவன் செய்து, இன்னொருவன் விற்கும் சாமான் என்றால் இரண்டு சோதனைகள். சாமானுக்குச் சோதனை ஜன்னலில். விற்பவனுக்குச் சோதனை தபாலில். முதலில் ஒரே ஒரு செட் வாங்கி வண்டியில் போட்டு ஓட்டிவிட்டு, விற்றவனுக்கு என்னை ஒரு கடிதம் எழுதச் சொல்வார். வேண்டுமென்றே கோணலாக ஒரு கேள்வி இருக்கும். 'கப்பின் விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறது, அதைத் திருப்பிப் போட்டு ஓட்டலாமா?' என்பது போல. அச்சடித்த புத்தகம் எதிலும் அதற்குப் பதில் கிடையாது. பதில் எத்தனை நாளில் வருகிறது, யார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், கூடாது என்று சொல்ல தைரியம் இருக்கிறதா, ஆள் அனுப்புகிறேன் என்று சொல்கிறார்களா, எத்தனை நாளில் என்கிறார்கள் என்றெல்லாம் பார்ப்பார். "சாமான் நல்லாருக்கான்னு நான் பாத்துக்கிருவேன். விக்கிறவன் நல்லாருக்கானான்னு கடுதாசிதான் சொல்லணும்" என்பது அவர் அடிக்கடி சொல்வது.

பம்பாயிலிருந்து ஒரு பெரிய கம்பெனி, கேள்விக்குப் பதிலாக வழவழப்பான விலைப் புத்தகமும் சாமி படம் போட்ட ஒரு காலண்டரும் அனுப்பியது. காலண்டரை எனக்குக் கொடுத்துவிட்டார். "காலண்டர் அனுப்புறவன் ஆள் அனுப்ப மாட்டான்" என்று சொல்லி அந்தக் கம்பெனிப் பெயரை அடித்துவிட்டார். கோயமுத்தூரில் ஒரு சின்னக் கடைக்காரர், தபால் கார்டில் கோழி கிறுக்கின மாதிரித் தமிழில், 'இது எனக்குத் தெரியாதுங்க, எங்க பிட்டரைக் கேட்டு எழுதறேன்' என்று பதில் போட்டார். இரண்டு நாள் கழித்து இன்னொரு கார்டு வந்தது. அந்தக் கடையில் கடைசிவரை பெல்ட் வாங்கினோம். ஆள் வருவதற்கும் போர்மனிடம் ஒரு கணக்கு உண்டு. மெட்ராஸ் என்றால் தபால் போய்ச் சேர ஒரு நாள், கேட்டு விசாரித்துக் கிளம்ப இரண்டு நாள், ரயிலில் வர ஒரு நாள். "மெட்ராஸ்னா நாலு நாள். ரெண்டு நாளுங்கிறவன் புளுகுறான், எட்டு நாளுங்கிறவன் சோம்பேறி." இதையெல்லாம் டைப் அடித்து டைப் அடித்து எனக்கு மனப்பாடம்.

இவ்வளவு காலம் கழித்து இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் பேத்தி. சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள். வேறு கம்பெனிக்காரர்கள் எழுதிய மென்பொருளை வாங்கித் தங்கள் வேலைக்குள் பொருத்துவது அவளுக்கு வேலையாம். பொங்கலுக்கு வந்திருந்தபோது, "வாங்குறதுக்கு முன்னாடி அவங்க சப்போர்ட்டுக்கு ஒரு எசகுபிசகான கேள்வி அனுப்பிப் பார்ப்போம் தாத்தா. பதில் எப்படி வருதுன்னு பார்த்துட்டுத்தான் முடிவு பண்ணுவோம்" என்றாள். நான் கரும்புச் சக்கையைத் துப்பிவிட்டு நிமிர்ந்தேன். "உங்க ஆபீஸ்ல இருக்கிறவனே அவங்களுக்குப் பதிலைச் சொல்லிக் குடுத்துட்டா?" என்று கேட்டேன். அவள் சிரித்தாள். "அப்படி யாரு தாத்தா செய்வாங்க?" என்றாள். நான் செய்தேன். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

அந்த வருஷம் வெளிநாட்டுச் சாமான் வரத்து சுருங்கிப் போயிற்று. மதுரையில் நாங்கள் வழக்கமாக வாங்கும் கடைக்காரர்கள் பிரேக் கப்புக்குக் கையை விரித்துவிட்டார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் ரப்பர்க் கிண்ணம்தான் அது. டிரைவர் பெடலை மிதித்தால் குழாய் வழியே ஆயில் ஓடி, சக்கரத்துக்குள் இருக்கும் அந்தக் கப்பைத் தள்ளும். கப் பிரேக்கை அழுத்தும். கப் ஊறிப் பெருத்தாலும் விளிம்பு கிழிந்தாலும் ஆயில் ஒழுகிவிடும். பிறகு பெடல் தரையைத் தொடுமே தவிர வண்டி நிற்காது. கப் இல்லாமல் எங்கள் கொடைக்கானல் வண்டியைக் கட்டையில் தூக்கி நிறுத்திவிட்டார் போர்மன். முதலாளி எகிறிக் குதித்தார். போர்மன் அசையவில்லை.

அந்த வண்டியின் டிரைவரை நாங்கள் மலை டிரைவர் என்போம். எனக்கு அண்ணன் முறை வைத்துப் பழகியவர். வண்டி ஓடாத நாளிலும் காலை ஆறு மணிக்குக் காக்கி உடுப்பை மாட்டிக்கொண்டு ஷெட்டுக்கு வந்துவிடுவார். கட்டையில் நிற்கும் வண்டியில் ஏறி உட்கார்ந்து ஸ்டீரிங்கைத் துடைப்பார். ஹாரன் அடித்துப் பார்ப்பார். பத்து மணிக்கு என் ஜன்னலுக்கு வந்து, "ஏலே அப்பு, கப்பு வந்துச்சா?" என்பார். இல்லை என்றால், "வீட்டுக்குப் போகக் கூசுதுடா. வண்டியில்லாத டிரைவரப் பொண்டாட்டிகூட ஒரு மாதிரியாத்தான் பாக்குறா" என்று சிரிப்பார். சிரிப்பா அது! மூன்று வாரம் அந்த முகத்தைப் பார்த்து எனக்கே சோறு இறங்காமல் போயிற்று.

அப்போதுதான் மெட்ராஸ் ஏஜென்ட் வந்தார். டெர்லின் சட்டை, தோல் பை, கையில் சின்னச் சின்ன அட்டைப்பெட்டிகள். எங்கேயோ ஒரு பட்டறையில் கப் வார்த்து, இவர்கள் பெயரில் பெட்டி போட்டு விற்கிறார்கள். போர்மன் ஒரு செட் வாங்கினார். ஜன்னலில் போட்டார். பத்து நாள் கழித்து அளந்து பார்த்தால் ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை. "சும்மா சொல்லக்கூடாது, நல்ல ரப்பர்" என்று அவரே ஒப்புக்கொண்டார். அளவுக்கு ஒத்துவந்த, மலைக்குப் போகாத ஒரு கீழ்நாட்டு வண்டியில் போட்டும் பார்த்தார். பிறகு கேள்விக் கடிதம் போயிற்று. ஒரு வாரம், பத்து நாள், இரண்டு வாரம். பதில் இல்லை. "சாமான் தேறிருச்சு, ஆள் தேறல" என்றார் போர்மன். கொடைக்கானல் வண்டி கட்டையிலேயே நின்றது.

ஏஜென்ட் இரண்டாம் தரம் ஆர்டர் கேட்டு வந்த அன்று போர்மன் ஊரில் இல்லை. ஏதோ வண்டி குஜிலியம்பாறைப் பக்கம் படுத்துவிட்டது என்று போயிருந்தார். ஏஜென்ட் என்னைத் தேடி வந்து, "வாங்க சார், ஒரு காபி சாப்பிடலாம்" என்றார். சார்! அதுவரை என்னை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. ஏலே, தம்பி, கிளார்க்கு, இவ்வளவுதான். இருபத்திரண்டு வயதில் அந்த ஒரு சொல்லுக்கு எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. காபி கிளப்பில் உட்கார்ந்து, "உங்க போர்மன் ஏன் சார் ஆர்டர் குடுக்க மாட்டேங்கிறார்? சரக்குல குறையா?" என்று கேட்டார். குறையில்லை என்றேன். "பின்னே?" என்றார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நாக்கில் சனி. "ஒரு கடிதம் வந்திருக்குமே, கப்பைத் திருப்பிப் போடலாமான்னு. அதுக்கு நீங்க பதில் போடல" என்றேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தக் கடிதத்தை ஆபீசில் எல்லோருக்கும் படித்துக் காட்டி, திண்டுக்கல்லில் ஒரு பைத்தியக்காரன் இருக்கிறான் என்று கேலி பேசினார்களாம். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எங்கள் போர்மனா பைத்தியக்காரன்? அவர் எவ்வளவு கெட்டிக்காரர் என்று காட்டுவதற்காக, அந்தச் சோதனை எப்படி, எதற்கு என்று ஒன்று விடாமல் விளக்கினேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பையிலிருந்து நோட்டை எடுத்தார். "என்ன எழுதணும் சார்?" என்றார். திருப்பிப் போடக்கூடாது என்று எழுதுங்கள் என்றேன். எழுதிக்கொண்டார். தேய்ந்த கப்பை எங்களுக்கு அனுப்புங்கள், பார்க்கிறோம் என்று எழுதுங்கள் என்றேன். எழுதிக்கொண்டார். கையால் எழுதுங்கள், ஒருத்தர் பெயர் போட்டுக் கையெழுத்துப் போடுங்கள், சந்தேகம் இருந்தால் ஆள் அனுப்புவோம் என்று போடுங்கள் என்றேன். "எத்தனை நாள்ல ஆள் வரும்னு போடட்டும்?" என்று கேட்டார்.

"நாலு நாள்னு போடுங்க" என்றேன்.

இதைச் செய்தபோது எனக்கு ஒரு தப்பும் தோன்றவில்லை. சாமான் நல்ல சாமான், போர்மனே சொல்லியாயிற்று. கடிதம் ஒன்றுதான் பாக்கி. அதையும் ஒழுங்காக எழுதவைத்து ஒரு மனிதரை வண்டியில் ஏற்றி உட்கார வைக்கப்போகிறோம் என்ற நினைப்பு. அன்று மாலை ஷெட்டுக்குத் திரும்பி வரும்போது மலை டிரைவரைப் பார்த்து, "அண்ணே, அடுத்த வாரம் ரெடியா இருங்க" என்றுகூடச் சொன்னேன்.

எட்டாவது நாள் பதில் வந்தது. நீல மையில், அழகான ஆங்கிலக் கையெழுத்தில், தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு, இரண்டு பக்கம். போர்மன் என்னை வாசிக்கச் சொல்லித் தமிழில் கேட்டார். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். 'நாலு நாளில் எங்கள் ஆள் நேரில் வருவார்' என்ற இடத்தில் என் குரல் கொஞ்சம் இடறியது. அவர் அதைக் கவனிக்கவில்லை. அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. "லேட்டானாலும் வெவரமான ஆளுகதான் தம்பி. நாமதான் அவசரப்பட்டுத் தப்பா நெனச்சிட்டோம்" என்றார். அன்றைக்கே ஆர்டர் போயிற்று. அந்த வாரமே கொடைக்கானல் வண்டி கட்டையிலிருந்து இறங்கியது. மலை டிரைவர் எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் வைத்து நசுக்கிவிட்டு, எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பினார்.

முதல் சரக்கு எட்டு மாதம் ஓடியது. ஒரு குறையும் இல்லை. இரண்டாவது சரக்கு ரயில் பார்சலில் வந்தபோது கொடைக்கானலில் சீசன். இரண்டு பின்சக்கரத்திலும் கப் மாற்றவேண்டியிருந்தது. எந்தச் சரக்கு வந்தாலும் இரண்டு கப்பைப் பத்து நாள் ஜன்னலில் போட்டுப் பார்த்த பிறகுதான் வண்டிக்குப் போகும் என்பது போர்மன் போட்ட சட்டம். முதலாளி ஷெட்டுக்குள்ளேயே வந்து நின்றுவிட்டார். மலை டிரைவரும் பக்கத்தில் நின்றுகொண்டு, "அண்ணே, அதே கடை, அதே பெட்டிதானண்ணே. இன்னமும் என்னத்தப் பாக்கப் போறீங்க?" என்றார். போர்மன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அவங்க கடுதாசி இருக்குல்ல நம்மட்ட?" என்றார். "இருக்குண்ணே" என்றேன். அன்றே கப் மாற்றி வண்டி போயிற்று. இரண்டு கப்பை ஜன்னலிலும் போட்டார். சட்டத்தைப் பாதி காப்பாற்றினார்.

ஆறாம் நாள் என்னைக் கூப்பிட்டு ஒரு பாட்டிலைக் காட்டினார். கப் பாட்டிலின் அடியில் உளுந்தவடை மாதிரி உப்பிக் கிடந்தது. எடுத்து நகத்தால் அழுத்தினார். நகம் உள்ளே பதிந்தது. பெட்டிதான் அதே பெட்டி, ரப்பர் வேறு. மாலை வண்டி வந்ததும் ஒரு சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே இருந்த கப் லேசாகத்தான் பெருத்திருந்தது, ஒழுகல் இல்லை. பாட்டிலில் போட்ட இரண்டு மட்டும் கழிசடையா, மொத்தச் சரக்கும் இப்படித்தானா என்று அவருக்குப் பிடிபடவில்லை. கழற்றினால் போட வேறு கப் கிடையாது. சீசன் முழுக்க வண்டி கட்டையில்தான்.

"தந்தி குடு தம்பி. கடுதாசியும் போடு. வண்டியில போட்டுட்டோம், ஓட்டலாமா கூடாதா, ஆள் உடனே வரணும்னு எழுது" என்றார். எழுதினேன். அவர் பக்கத்தில் நின்று விரல் விட்டு எண்ணினார். "நாலு நாள்னு அவனே சொல்லியிருக்கான். நாலு நாள் பாப்போம். அதுவரைக்கும் நானே தெனமும் கழட்டிப் பாத்துக்கிறேன்." மலை டிரைவரிடம், "பெடல் ஒரு நூல் கீழ போனாலும் நிப்பாட்டிரு. மலையிலயே போட்டுட்டு வந்தாலும் சரி" என்றார். அவர், "நீங்க சொன்னாச் சரிண்ணே" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அந்த நாலு நாள் அவன் சொன்னதில்லை அண்ணே, உங்கள் கணக்கை நான்தான் அவனிடம் கொடுத்தேன், அவன் எழுதித் தந்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே சக்கரங்களைக் கழற்றியிருப்பார். சொல்லவில்லை. வேலை போய்விடும் என்று பயந்தேன். அதைவிட, அவர் என்னை என்ன பார்வை பார்ப்பார் என்று பயந்தேன். எழுதியிருக்கிறானே, வந்தாலும் வருவான் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

நாலாம் நாள் காலையில், "நீ மொகம் தெரிஞ்சவன், வா" என்று என்னையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மெட்ராஸ் வண்டி வந்தது. பெட்டி பெட்டியாக எட்டிப் பார்த்தோம். மூட்டையும் முடிச்சுமாக ஜனங்கள் இறங்கிப் போனார்கள். பிளாட்பாரம் காலியானது. டெர்லின் சட்டை எதுவும் இல்லை. "அடுத்த வண்டியில வருவான். அப்பிடி ஒரு கடுதாசி எழுதுனவன் வராம இருக்கமாட்டான்" என்று பெஞ்சில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். செத்த நேரம் கழித்து, "சாப்டியா?" என்று கேட்டு எனக்கு மட்டும் இட்லி வாங்கிக் கொடுத்தார். அந்த இட்லியை நான் தின்றேன். இன்றைக்கு நினைத்தாலும் என் மீதே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அடுத்த வண்டியிலும் யாரும் வரவில்லை. போர்மன் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். "இனிமே காக்குறது மடத்தனம். கொடைக்கானலுக்கு ட்ரங்க் கால் போடு. வண்டி கீழ எறங்கக் கூடாதுன்னு சொல்லு" என்றார். ஷெட்டுக்கு ஓடி வந்து கால் புக் செய்தேன். அந்தக் காலத்தில் ட்ரங்க் கால் நினைத்த உடனே கிடைக்காது. டெலிபோன் பக்கத்திலேயே அவர் நின்றார், ஒன்றே கால் மணி நேரம். லைன் கிடைத்தபோது கொடைக்கானலில் எங்கள் பஸ்ஸுக்கு டிக்கெட் போடும் ஏஜென்சிக்காரர், வண்டி போய் அரைமணி ஆயிற்றே என்றார்.

மலை முடிந்து சமவெளி கண்ணுக்குத் தெரியும் கடைசி வளைவுகளில் பெடல் தரையைத் தொட்டிருக்கிறது. பள்ளத்துப் பக்கம் விடாமல், தான் உட்கார்ந்திருந்த வலது பக்கமாகவே மலைப் பாறையில் வண்டியைச் சாய்த்து உரசி நிறுத்தியிருக்கிறார் மலை டிரைவர். கண்டக்டர் சொல்லித்தான் தெரியும், "எல்லாரும் எடது பக்கம் போயிருங்க, எடது பக்கம் போயிருங்க" என்று கத்திக்கொண்டே செய்தாராம். முப்பது பேருக்கு மேல் கை கால் முறிவோடு தப்பினார்கள். பேரிக்காய்க் கூடையோடு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் இறந்துபோனாள். டிரைவரின் உடலை ஸ்டீரிங்கிலிருந்து எடுக்க வெகுநேரம் ஆயிற்று. வத்தலக்குண்டு ஆஸ்பத்திரியில் அவர் மனைவி என்னைக் கண்டதும், "தம்பி, நீதான ரெடியா இருக்கச் சொன்னியாம், அம்புட்டு சந்தோஷமா வந்து சொன்னாரேப்பா" என்று அழுதார். பழைய பேச்சுத்தான் அது. ஆனாலும் அந்த நேரத்தில் அவர் வாயில் அதுதான் வந்தது.

விசாரணையில் போர்மன் சுற்றி வளைக்கவில்லை. சோதனை முடியுமுன் வண்டிக்குக் கொடுத்தது நான், கப் ஊறியது தெரிந்தும் நாலு நாள் ஓடவிட்டது நான் என்றார். அவசரப்படுத்திய முதலாளியின் பெயரைக்கூட எடுக்கவில்லை. என்னிடமும் கேட்டார்கள். கடிதங்கள் முறைப்படி போயினவா, பதில் முறைப்படி வந்ததா என்று. ஆமாம் என்றேன். கேட்டதற்கு மட்டும் பதில். நாங்கள் அனுப்பிய தந்தி, அந்த விலாசத்தில் ஆளில்லை என்று திரும்பி வந்தது. மெட்ராஸ் ஆபீஸ் அறையைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தார்கள். போர்மனை வேலையை விட்டு நிறுத்தினார்கள். போகும்போது அந்த நீல மைக் கடிதத்தை மட்டும் பைலிலிருந்து கேட்டு வாங்கிக்கொண்டார். ஜன்னல் பாட்டில்களை யாரோ மண்ணெண்ணெய்க்கு எடுத்துக்கொண்டு போனார்கள். அதன்பின் எங்கள் ஷெட்டில் எந்தச் சாமானும் ஊறவில்லை. பெட்டியைப் பிரித்தார்கள், மாட்டினார்கள்.

ஆறேழு வருஷம் கழித்து, அறுபதுகளின் நடுவில், அவரைப் பார்க்கப் போனேன். குஜிலியம்பாறையைத் தாண்டி அவர் மனைவியின் ஊர். மழையை நம்பிய காடு, சோளத்தட்டையும் வேலிமுள்ளும்தான் கண்ணுக்கு எட்டிய வரை. கிணற்று ஆயில் எஞ்சின்களுக்கு ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாகத் தளர்ந்திருந்தார். அன்று சொல்லிவிடுவது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் போனேன். பஸ்ஸில் வழி நெடுக அந்த வார்த்தைகளை மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன்.

கம்மங்கூழும் மோர்மிளகாயும் கொடுத்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் அவரே உள்ளே போய் அந்தக் கடிதத்தை எடுத்து வந்தார். மடிப்புகளில் கிழிந்து, பின்னால் தாள் ஒட்டியிருந்தது. "நீயே வந்துட்ட. உங்கிட்டதான் கேக்கணும்னு இருந்தேன். எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டி எனக்கே இப்ப மனப்பாடம். எத்தனையோ பேரு கடுதாசி பாத்தவன் நான். இதுல எங்கயோ ஒரு எடத்துல இவன் பொய்யின்னு இருந்திருக்கணும். அது என் கண்ணுல படல. இந்த நாலு நாளப் பாரு. ரெண்டுன்னோ எட்டுன்னோ போட்டிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன்லே. எப்பிடிச் சரியா நாலுன்னு போட்டான்? நீ இங்கிலீஷ் தெரிஞ்சவன், நல்லாப் படிச்சுச் சொல்லு. நான் எங்க கோட்ட விட்டேன்?"

கடிதத்தை வாங்கி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன். நான் கிளப்பில் சொன்னது ஒன்றுகூட விடாமல் அதில் இருந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுக்கி வைத்திருந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் மனைவி செம்பில் தண்ணீரோடு வந்து பக்கத்தில் நின்றார். அந்த ஒரு சாக்குப் போதுமாக இருந்தது எனக்கு.

"இதுல தப்பு ஒண்ணுமில்லண்ணே. நல்ல பதில்தான்" என்றேன்.

அவர் கடிதத்தை என்னிடமிருந்து வாங்கி இன்னொரு தரம் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டார். "அப்ப எங்கிட்டதான் தப்பு" என்றார். கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தார். "சாமியார் கிட்டக் கேட்டேன், வாத்தியார் கிட்டக் கேட்டேன். என் மனசு நோகக் கூடாதுன்னு ஆளாளுக்கு இதுல ஒரு குத்தம் கண்டுபிடிச்சுச் சொன்னாங்க. நீ ஒருத்தன்தாம்ப்பா உள்ளதச் சொன்ன" என்றார். பஸ் வரும் வரைக்கும் அந்தக் கையை அவர் விடவில்லை. நானும் இழுத்துக்கொள்ளவில்லை.